போனுக்கும் சின்னச் சாதனங்களுக்கும் ஒரே சார்ஜர்: எத்தனை வாட் என்று மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

கேள்வி இது: "புதிதாக வாங்கிய சாம்சங் கேலக்ஸி ஏ வரிசை போனோடு சார்ஜர் வரவில்லை, கேபிள் மட்டும்தான் இருந்தது. அடுத்த மாதம் வேலைக்காகச் சென்னை ஹாஸ்டலுக்குப் போகிறேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். போன், இயர்பட்ஸ், ஸ்மார்ட் வாட்ச், சின்ன ஃபேன் எல்லாவற்றுக்கும் கையடக்கமாக ஒரு சார்ஜர் வேண்டும். கடையில் 20, 33, 65 வாட் என்று அடுக்குகிறார்கள். 65 வாங்கினால் சீக்கிரம் ஏறுமா, இல்லை பேட்டரி கெட்டுவிடுமா? அம்மாவின் ரியல்மி போனுக்கும் அதையே போடலாமா?"

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். 30 முதல் 45 வாட்டுக்குள், ஒரு டைப்-சி துளையும் ஒரு பழைய அகல யுஎஸ்பி துளையும் உள்ள சார்ஜராக வாங்குங்கள். டைப்-சி துளையில் 'பிடி' (PD) இருக்க வேண்டும், அதோடு 'பிபிஎஸ்' (PPS) என்ற மூன்று எழுத்தும் கட்டாயம் இருக்க வேண்டும், இவை என்னவென்று கீழே சொல்கிறேன். 65 வாட் உங்களுக்குத் தேவையில்லை. அம்மாவின் போனுக்கு இதைப் போட்டால் கெடுதல் எதுவும் இல்லை, ஆனால் வேகம் கிடைக்காது. அவர் போனோடு வந்த சார்ஜரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

இனி காரணங்கள். பன்னிரண்டு வருடமாக மொபைல் சர்வீஸ் வேலையில் இருக்கிறேன். சார்ஜர் விஷயத்தில் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்பதைத்தான். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பதும் அதுதான். ஆனால் போனுக்குள் எவ்வளவு கரண்ட் போக வேண்டும் என்று தீர்மானிப்பது சார்ஜர் இல்லை, போன். சார்ஜர் "என்னிடம் இன்னின்ன வோல்டேஜ் இருக்கிறது, இவ்வளவு ஆம்பியர் வரை தருவேன்" என்று பட்டியலை நீட்டும். போன் அதில் தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். கேபிளைச் செருகிய அந்த ஒரு நொடிக்குள் இந்தப் பேச்சு நடந்து முடிந்துவிடும். 25 வாட் மட்டுமே எடுக்கக்கூடிய போனை 65 வாட் சார்ஜரில் போட்டாலும் அது 25-தான் எடுக்கும். மீதி 40 சும்மா கிடக்கும். அதனால் பெரிய சார்ஜர் பேட்டரியைக் கெடுக்கும் என்ற பயம் வேண்டாம். பெரிய சார்ஜர் வேகமாக ஏற்றும் என்ற ஆசையும் வேண்டாம்.

இந்தப் பேச்சு நடக்க இருவருக்கும் ஒரே மொழி தெரிந்திருக்க வேண்டும். அங்கேதான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள்.

பொது மொழி 'யுஎஸ்பி பவர் டெலிவரி', சுருக்கமாகப் பிடி. 5, 9, 15, 20 வோல்ட் என்று படிப்படியாக நிற்கும். ஐபோன் 8-க்குப் பிறகு வந்த ஐபோன்கள், பிக்சல், சாம்சங், டேப்லெட்டுகள், டைப்-சியில் ஏறும் லேப்டாப்கள் எல்லாம் இதைப் பேசும். பிபிஎஸ் என்பது 2017-ல் இதனுடன் சேர்ந்த ஒரு கூடுதல் வசதி. படிக்கட்டு மாதிரி 5-லிருந்து 9-க்குத் தாவாமல், 20 மில்லிவோல்ட் அளவுக்குச் சின்னச் சின்னதாக வோல்டேஜை ஏற்றி இறக்கலாம். பேட்டரிக்கு அந்த நேரத்தில் எது சரியோ அதை போன் சில நொடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருக்கும். போனுக்குள் வோல்டேஜைக் குறைக்கும் வேலை குறைவதால் சூடும் குறையும்.

சாம்சங்கின் 'சூப்பர் ஃபாஸ்ட் சார்ஜிங்' நடப்பது இந்தப் பிபிஎஸ்ஸில்தான். போன வாரம் ஒரு பையன் கேலக்ஸி போனைக் கொண்டுவந்து, "அண்ணே, 30 வாட் சார்ஜர் வாங்கியும் மெதுவா ஏறுது, போன்ல பிரச்சனையா பாருங்க" என்றான். இடையில் யுஎஸ்பி மீட்டரை மாட்டிப் பார்த்தேன். 9 வோல்ட், 1.6 ஆம்பியர் சொச்சம். பெருக்கினால் 15 வாட். சார்ஜரைத் திருப்பிப் பார்த்தால் பிடி இருக்கிறது, பிபிஎஸ் இல்லை. என் மேஜையில் இருந்த 25 வாட் பிபிஎஸ் சார்ஜரில் அதே போனை, அதே கேபிளை மாட்டினேன். மீட்டரில் 22 வாட்டைத் தாண்டியது, திரையிலும் 'சூப்பர் ஃபாஸ்ட்' என்று வந்தது. எண்ணில் பெரிய சார்ஜர் தோற்று, சின்னது ஜெயித்தது. போனில் ஒரு குறையும் இல்லை.

நீங்கள் கடையில் நிற்கும்போது சார்ஜரின் உடம்பில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் வரிகளைப் படியுங்கள். போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும். 'அவுட்புட்' என்று ஆரம்பித்து 5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் 3 ஆம்பியர் என்று போகும். அதில் 'பிபிஎஸ்' என்று போட்டு 3.3 முதல் 11 வோல்ட் வரை என்பது போல ஒரு வரம்பு இருந்தால் அதுதான் உங்களுக்கு வேண்டியது. வெறும் படிகள் மட்டும் இருந்தால் வைத்துவிடுங்கள். இன்னொன்று, உங்கள் போனின் சரியான மாடலைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏ வரிசையில் நிறைய போன்கள் 25 வாட் வரைதான் எடுக்கும். 2025-ல் வந்த ஏ36, ஏ56 போன்றவை 45 வாட் எடுக்கும். 45 முழுதாக வேண்டுமென்றால் பிபிஎஸ் வரியில் 5 ஆம்பியர் என்று இருக்க வேண்டும், கேபிளும் 5 ஆம்பியர் கேபிளாக இருக்க வேண்டும். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியரோடு நின்றுவிடும். 5 ஆம்பியர் கேபிளின் முனையில் ஒரு பொடிச் சிப் இருக்கும், அது "நான் தாங்குவேன்" என்று சார்ஜரிடம் சொன்னால்தான் சார்ஜர் அவ்வளவு தரும்.

அம்மாவின் ரியல்மி விஷயம் வேறு. ஓப்போ 2014-ல் 'ஃபைண்ட் 7' போனோடு 'வூக்' என்று தனக்கென ஒரு முறையைக் கொண்டுவந்தது. மற்றவர்கள் வோல்டேஜை ஏற்றி வேகம் கூட்டினார்கள், இவர்கள் 5 வோல்டிலேயே நின்று ஆம்பியரை 4-க்கு மேல் ஏற்றினார்கள். ரியல்மி, ஒன்பிளஸ் இரண்டும் அந்த வழியில் வந்தவைதான். இந்த முறைக்கு அவர்களுடைய சார்ஜர், அவர்களுடைய கனத்த கேபிள் இரண்டும் வேண்டும். ஒன்று மாறினாலும் வேகம் போய்விடும். வெளி சார்ஜரில் போட்டால் பழைய மாடல்கள் 10 வாட் அளவுக்கு இறங்கிவிடும். புதியவற்றில் சில பிடி, பிபிஎஸ் இரண்டையும் ஓரளவு ஏற்கும், என்றாலும் சொந்தச் சார்ஜரின் வேகம் வராது. அந்தச் சார்ஜரும் கேபிளும் தொலைந்தால்தான் அருமை தெரியும், பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

சரி, இப்போது சின்னச் சாதனங்கள். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கோ வாரத்துக்கு ஒன்றாவது வருகிறது.

ஒரு அம்மா இயர்பட்ஸ் டப்பாவை நீட்டி, "புதுசு, நாலு நாள்ல செத்துப்போச்சு" என்றார். டைப்-சி துளைதான். என் டைப்-சி சார்ஜரில் இரண்டு பக்கமும் சி உள்ள கேபிளை மாட்டினேன், விளக்கு எரியவில்லை. அதே சார்ஜரின் பக்கத்திலிருந்த பழைய அகலத் துளையில், ஒரு முனை அகலம் ஒரு முனை சி உள்ள பழைய கேபிளை மாட்டினேன். உடனே சிவப்பு விளக்கு எரிந்தது. டப்பா சாகவே இல்லை. வீட்டில் புதுச் சார்ஜர் வந்த பிறகு பழைய கேபிளை உள்ளே தூக்கி வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஏன் இப்படி? பழைய அகலத் துளையில் 5 வோல்ட் எப்போதும் இருக்கும், எதை மாட்டினாலும் ஓடும். டைப்-சி துளை அப்படி இல்லை. எதிர்ப்பக்கம் ஒரு சாதனம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கரண்டையே விடும். சாதனத்துக்குள் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டு இருக்க வேண்டும், அவைதான் அடையாளம். சில பைசா பெறும் அந்த ரெசிஸ்டரை மலிவு இயர்பட்ஸ், டார்ச், டிரிம்மர், கையடக்க ஃபேன் செய்பவர்கள் நிறையப் பேர் வைப்பதில்லை. துளை மட்டும் டைப்-சி, உள்ளே பழைய வயரிங். 2019-ல் வந்த ராஸ்பெரி பை 4 என்ற பெயர்பெற்ற சின்னக் கணினியே முதல் பதிப்பில் இந்த ரெசிஸ்டர் அமைப்பைத் தவறாகச் செய்து, சில கேபிள்களில் ஓடாமல் நின்றது. அப்படியிருக்க, நடைபாதைக் கடையில் வாங்கும் ஃபேனைச் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்மார்ட் வாட்சும் அப்படியே. காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் அந்தச் சின்னக் கேபிளின் மறுமுனை நிறைய வாட்ச்களில் இன்னும் அகல யுஎஸ்பிதான். அதனால்தான் அகலத் துளை ஒன்று இருக்கட்டும் என்கிறேன். இரண்டுமே டைப்-சி என்று பார்க்க அழகாக இருக்கும் சார்ஜரை வாங்கிவிட்டு ஹாஸ்டலில் வாட்ச்சை ஏற்ற வழியில்லாமல் நிற்காதீர்கள். அப்புறம், இந்தச் சாதனங்களுக்கு வேகம் என்ற பேச்சே இல்லை. இயர்பட்ஸ் டப்பா இரண்டு மூன்று வாட்டுக்கு மேல் எடுக்காது. எந்தச் சார்ஜராக இருந்தாலும் அதே நேரம்தான்.

இரண்டு துளை சார்ஜரில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்டியில் போட்டிருப்பது தனியாக ஓடும்போது கிடைக்கும் வாட். இரண்டையும் சேர்த்து மாட்டினால் என்ன ஆகும் என்பது பெட்டியின் பின்னால் இருக்கும். நல்ல சார்ஜர்கள் பிரித்துக் கொடுக்கும், சி துளைக்குப் பாதிக்கு மேல், அகலத் துளைக்குக் கொஞ்சம் என்று. மட்டமானவை இரண்டையும் 5 வோல்டில் சேர்த்து, மொத்தமே 15 வாட் என்று இறக்கிவிடும். வாட்ச்சை மாட்டிய உடனே போனின் 'சூப்பர் ஃபாஸ்ட்' போய்விடும். 'சி + ஏ' ('ஏ' என்பது அகலத் துளை) என்று எழுதி எதிரே என்ன எண் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். இரண்டாவது சாதனத்தை மாட்டும்போது போனில் ஓரிரு நொடி சார்ஜ் நின்று திரும்ப வரும். அது கோளாறு இல்லை, சார்ஜர் கணக்கைப் புதிதாகப் போடுகிறது.

சில சார்ஜர் பெட்டிகளில் 'கேன்' (GaN) என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்களே, அது காலியம் நைட்ரைடு. நீல எல்இடி செய்யப் பயன்பட்ட அதே பொருள். அந்த நீல எல்இடிக்காகத்தான் 2014-ல் மூன்று பேருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் வீட்டு வெள்ளை எல்இடி பல்புக்குள்ளும் இது இருக்கிறது. சார்ஜரில் இதன் வேலை வேறு. சார்ஜர் என்பது கரண்டை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி, டிரான்ஸ்ஃபார்மர் வழியாக அனுப்பும் கருவி. தண்ணீரைப் பெரிய குடத்தில் நிதானமாகவும் ஊற்றலாம், சின்னச் சொம்பில் விறுவிறுவென்றும் ஊற்றலாம், தொட்டி ஒரே நேரத்தில்தான் நிறையும். வேகமாக வெட்டினால் டிரான்ஸ்ஃபார்மர் சொம்பு அளவுக்குச் சிறுத்தால் போதும். சிலிக்கானை அவ்வளவு வேகத்தில் வெட்டினால் சூடாகி வீணாகும், காலியம் நைட்ரைடு தாங்கும். பழைய நோக்கியா சார்ஜர் ஏன் கல் மாதிரி கனத்தது என்று நினைவிருக்கிறதா? அது நொடிக்கு 50 முறை மட்டுமே மாறும் வீட்டுக் கரண்டை அப்படியே பெரிய இரும்பு டிரான்ஸ்ஃபார்மரில் விட்டது. குடத்துக்குப் பதில் அண்டா.

ஆக, கேன் என்பது வேகத்துக்கு இல்லை, அளவுக்கு. 65, 100 வாட் சார்ஜரில் அதன் அருமை தெரியும். 25, 30 வாட்டில் சாதாரணச் சிலிக்கான் சார்ஜரே உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். 45 வாட் வாங்குவதாக இருந்தால் கேனைப் பாருங்கள், 30-க்கு அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். பெயரை மட்டும் ஒட்டி விற்பதும் நடக்கிறது.

ரொம்பச் சின்னதாக, கனமாக இருக்கும் சார்ஜருக்கு ஒரு தொல்லை உண்டு. ஹாஸ்டல் பிளக் பாயிண்டுகள் பலர் கைப்பட்டுத் தளர்ந்திருக்கும். கனமான சார்ஜர் அதில் நிற்காமல் தலை தொங்கும், பின்கள் பாதி வெளியே வந்து உள்ளே பொறி பறக்கும், பாயிண்ட் கருகும். அதனால் கடையிலேயே ஒரு பாயிண்டில் செருகிப் பாருங்கள், ஆடாமல் நிற்கிறதா என்று. நம் ஊர் உருண்டை இரண்டு பின் உள்ளதையே வாங்குங்கள். சிங்கப்பூர், துபாயிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவரும் சார்ஜர்கள் தரமாகத்தான் இருக்கும், ஆனால் அந்தச் சதுர மூன்று பின்னுக்குக் கன்வெர்ட்டர் போட்டு, அதை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி, மூன்று இடத்தில் தளர்வை உண்டாக்குகிறார்கள். செருகிய பிறகு ஸ்விட்சைப் போடுங்கள், ஸ்விட்ச் போட்டபடி செருகாதீர்கள்.

'இன்புட்' வரியில் 100 முதல் 240 வோல்ட் என்று இருக்க வேண்டும். ஊருக்குப் போய் வரும் ரயிலில் பல பெட்டிகளில் சார்ஜிங் பாயிண்ட் 110 வோல்ட்தான். 240-ஐ ரொம்பத் தாண்டினால் என்ன ஆகும் என்று கேட்டால், அதற்குச் சார்ஜரால் ஒன்றும் செய்ய முடியாது. தெருவில் நியூட்ரல் கட்டாகி ஹை வோல்டேஜ் வரும்போது 400-ஐ நெருங்கிவிடும். அப்படி ஒரு இரவுக்குப் பிறகு ஒரே தெருவிலிருந்து ஏழெட்டு சார்ஜர்கள் என் கடைக்கு வந்திருக்கின்றன. லைட் திடீரென்று பிரகாசமாக எரிந்தால், ஃபேன் வேகம் கூடினால், முதலில் சார்ஜர் ஸ்விட்சை அணையுங்கள்.

இனி நான் வற்புறுத்திச் சொல்லும் ஒன்று. டூப்ளிகேட் வாங்காதீர்கள். மெதுவாக ஏறும் என்பதற்காகச் சொல்லவில்லை. உங்கள் உயிருக்காகச் சொல்கிறேன்.

செத்துப்போன சார்ஜர்களைத் திறந்து பார்ப்பது என் பழக்கம். நல்ல சார்ஜரின் பலகையில் 230 வோல்ட் ஓடும் பக்கத்துக்கும், உங்கள் கைக்கு வரும் பக்கத்துக்கும் நடுவே ஆற்றின் இரு கரை மாதிரி தெளிவான இடைவெளி இருக்கும், நிறைய சார்ஜர்களில் பலகையையே நடுவில் நீளமாக வெட்டியிருப்பார்கள். டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றி மஞ்சள் டேப் பல சுற்று. ஃபியூஸ் ஒன்று. பிளாட்பாரத்தில் வாங்கிய ஒன்றைத் திறந்தேன், ஃபியூஸ் இல்லை, இரண்டு கரைக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் கூட இல்லை, கனம் காட்ட ஒரு இரும்புத் துண்டை ஒட்டி வைத்திருந்தார்கள். வெளியே பெயர்பெற்ற கம்பெனியின் முத்திரை. மழைக்கால ஈரத்தில் அந்த ஒரு மில்லிமீட்டரைக் கரண்ட் தாண்டினால், போனைக் காதில் வைத்திருப்பவர் கதி என்ன?

நம் நாட்டில் விற்கும் சார்ஜருக்கு, இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவு கட்டாயம். சார்ஜரின் மேல் பிஐஎஸ் முத்திரையும், 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தும், அதன் பின் எட்டு இலக்க எண்ணும் இருக்கும். 'பிஐஎஸ் கேர்' என்ற அரசு ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் எந்தத் தொழிற்சாலை, என்ன பொருள் என்று வரும். எண் இல்லை, அல்லது எண்ணைப் போட்டால் சம்பந்தமில்லாத பொருள் வருகிறது என்றால் அந்தச் சார்ஜரைத் தொட வேண்டாம். இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு '65 வாட்' என்று விற்றால் அந்த எண்ணே பொய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் நல்ல சரக்கும் கிடைக்கும், இதுவும் கிடைக்கும், பில்லோடு வாரண்டி தரும் கடையில் வாங்குங்கள்.

பேட்டரி கெடுமா என்று கேட்டீர்கள். கெடுப்பது சூடு. போனில் இருப்பது 5000 எம்ஏஎச் பேட்டரி என்றால் அதில் அடங்குவது சுமார் 19 வாட்-மணி. 25 வாட்டில் முக்கால் மணியில் நிறைய வேண்டும், ஆனால் ஒன்றேகால் மணிக்கு மேலேயே ஆகும். காரணம், பாதியைத் தாண்டியதும் போனே வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும், கடைசிப் பத்து சதவீதம் ஊர்ந்துதான் ஏறும். அது பேட்டரியைக் காப்பதற்காக. இரவு முழுக்க மாட்டிவைப்பதானால் செட்டிங்ஸில் ஃபாஸ்ட் சார்ஜிங்கை அணைத்துவிடலாம், 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியும் இருக்கிறது. மே மாத வெயிலில், தலையணைக்கு அடியில், தடித்த கவரோடு, கேம் விளையாடிக்கொண்டே ஏற்றினால் எந்தச் சார்ஜராலும் அந்தப் பேட்டரியைக் காப்பாற்ற முடியாது. சார்ஜரும் மெத்தை மேல் கிடக்கக் கூடாது, காற்றுப் படட்டும்.

கரண்ட் செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். தினமும் ஒருமுறை முழுதாக ஏற்றினாலும் வருடத்துக்கு ஒன்பது பத்து யூனிட்தான்.

வாங்கி வந்த அன்றே ஒரு சோதனை செய்யுங்கள். போனில் 20 சதவீதம் இருக்கும்போது மாட்டுங்கள், திரையில் 'சூப்பர் ஃபாஸ்ட் சார்ஜிங்' என்று வர வேண்டும். அகலத் துளையில் வாட்ச்சையும் மாட்டி, அந்த எழுத்து நிற்கிறதா என்று பாருங்கள். இருபது நிமிடம் கழித்துச் சார்ஜரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, நல்ல சூடு கூடப் பரவாயில்லை. கை வைக்க முடியாமல் சுட்டால், பிளாஸ்டிக் வாடை வந்தால், காதை அருகில் கொண்டுபோகாமலேயே 'கீங்' என்று சத்தம் கேட்டால், மாற்றித் தரும் நாள் முடிவதற்குள் பில்லோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.